ஒருமுறை சேர்த்துக்கொண்டவரை மறுபடி வாசலில் நிறுத்தாதீர்கள்: இஸ்ரேல் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நெசட் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் யூதன் இல்லை; இஸ்ரேல் குடிமகனும் இல்லை. பீர்ஷேவாவில், பென் குரியன் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் ஆய்வாளனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். என்னோடு ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்த திருநெல்வேலிப் பெண் ஒருவர் இன்று உங்கள் குடிமகள். யூத மதத்தைத் தழுவி, உங்கள் சட்டப்படியே குடியுரிமை பெற்றவர். அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். உள்துறை அமைச்சகத்தின் பதிவேட்டில் அந்தக் குழந்தை யூதர். நாளைக்கு அவள் வளர்ந்து, கல்யாணத்தைப் பதிய ரப்பிகள் (யூத மதகுருக்கள்) அலுவலகத்துக்குப் போனால் அங்கே அவள் யூதர் இல்லை. ஒரே அரசு, ஒரே குழந்தை, இரண்டு பதில். இதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

மடலின் எபிரேய வடிவத்தை ஒரு நண்பர் தயாரித்துக்கொண்டிருக்கிறார். அது உங்கள் கைக்கு வந்து சேரும். முதலில் தமிழில் எழுதக் காரணம் உண்டு. ஆய்வுப் படிப்புக்கும், முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கும் இந்தப் பக்கத்திலிருந்து இஸ்ரேல் போகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே ஒருவரை விரும்பியோ அந்த மார்க்கத்தையே விரும்பியோ, "மதம் மாறினால் குடியுரிமை கிடைக்குமாமே?" என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு. கிடைக்கலாம். ஆனால் அதோடு எதெல்லாம் வரும், எதெல்லாம் வராது என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

உங்களுக்குத் தெரிந்ததை எங்கள் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1950இல் நெசட் இயற்றிய திரும்பும் உரிமைச் சட்டம், உலகில் எங்கே இருக்கும் யூதரும் இஸ்ரேலில் வந்து குடியேறலாம் என்றது. யூதர் யார் என்பதை அப்போது அது சொல்லவில்லை. 1970இல் செய்த திருத்தம்தான் சொன்னது: யூதத் தாய்க்குப் பிறந்தவர், அல்லது யூத மதத்துக்கு மாறியவர், வேறு மதத்தைச் சேராதவர். யூதரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், இவர்களை மணந்தவர்கள் எல்லோருக்கும் அதே திருத்தம் குடியேறும் உரிமையைக் கொடுத்தது. அவர்களே யூதராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

மாறியவர் என்றால் யார் முன்னிலையில், எந்த முறையில் மாறியவர்? சட்டம் வாய் திறக்கவில்லை. மரபைக் கறாராகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் ரப்பிகள் தங்கள் முறை ஒன்றே செல்லும் என்கிறார்கள். அமெரிக்காவில் வாழும் யூதர்களில் பெரும் பகுதியினர், மரபை அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்காத ரிஃபார்ம், கன்சர்வேடிவ் சபைகளைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய ரப்பிகளும் மதமாற்றம் செய்து வைக்கிறார்கள். அரை நூற்றாண்டு வழக்குகள் எல்லாம் இந்த இடைவெளியில்தான் நடந்திருக்கின்றன.

அமெரிக்காவில் ரிஃபார்ம் முறையில் மாறிவிட்டு வந்த ஷோஷனா மில்லரின் அடையாள அட்டையில், யூதர் என்பதோடு 'மதம் மாறியவர்' என்றும் சேர்த்து எழுதப் பார்த்தார் அன்றைய உள்துறை அமைச்சர் யிட்ஸ்ஹாக் பெரெட்ஸ். கூடாது என்று 1986இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. அவரை வெறுமனே யூதர் என்று பதிவதைவிடப் பதவியை விடுவதே மேல் என்று அமைச்சர் விலகிப் போனார். அப்புறம் 2002. இஸ்ரேலுக்கு உள்ளேயே ரிஃபார்ம், கன்சர்வேடிவ் முறைகளில் மாறியவர்களையும் மக்கள்தொகைப் பதிவேட்டில் யூதர் என்று பதிய வேண்டும் என நீதிமன்றம் சொன்னது. அமைச்சர் எலி யிஷாய் என்ன செய்தார்? அடையாள அட்டையிலிருந்து அந்த விவரத்தையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் நட்சத்திரக் குறிகளைப் போட வைத்தார். சில மதமாறிகளை யூதர் என்று அச்சடிக்க மனம் வராமல், நாட்டில் உள்ள அத்தனை பேர் அட்டையிலும் நட்சத்திரம்! ஓர் அரசுக்குத் தன் குடிமக்களில் சிலர் மேல் இவ்வளவு கசப்பு இருக்கக் கூடாது.

2005இல் இன்னொரு வழக்கு. இஸ்ரேலில் படித்து, மாற்றச் சடங்கை மட்டும் வெளிநாட்டில் முடித்துக்கொண்டு வந்தவர்களுக்கும் திரும்பும் உரிமை உண்டு என்று தீர்ப்பானது. 2016இல் அரசு சாராத ஆர்த்தடாக்ஸ் ரப்பி மன்றங்களில் மாறியவர்களுக்கும் உண்டு என்றானது. கடைசியாக 2021 மார்ச் 1 அன்று, இஸ்ரேலில் முறையாகத் தங்கியிருந்து ரிஃபார்ம், கன்சர்வேடிவ் சபைகளில் மாறியவர்களுக்கும் அந்த உரிமை உண்டு என்று 9 நீதிபதிகளில் 8 பேர் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கு 2005இல் தொடுத்தது. நெசட் ஒரு சட்டம் கொண்டுவரட்டும் என்று 15 ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றம் பொறுத்திருந்தது. நீங்கள் கொண்டுவரவில்லை. நீதிமன்றம் எல்லை மீறுகிறது என்று உங்களில் பலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். 15 ஆண்டு காலியாகக் கிடந்த நாற்காலி உங்களுடையது.

என் தோழியின் கதைக்கு வருகிறேன். அவர் விசாவுக்காக மதம் மாறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு அவசியமே இருக்கவில்லை. அவர் கணவர் இஸ்ரேலியர். குடிமகனை மணந்த வெளிநாட்டவருக்கு, வேலை அனுமதி, தற்காலிகக் குடியிருப்பு என்று ஆண்டுக்கு ஆண்டு சோதித்து, படிப்படியாகக் குடியுரிமை கொடுக்கும் ஏற்பாடு உங்கள் நாட்டில் இருக்கிறது. அந்த வரிசையில் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார்.

கல்யாணமே சைப்ரசில்தான் நடந்தது. இஸ்ரேலில் ரிஜிஸ்டர் கல்யாணம் கிடையாது என்று கேள்விப்பட்டபோது அவர் நம்பவில்லை. அவருடைய அப்பா அம்மா திருநெல்வேலியில் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். புரோகிதர் இல்லை, தாலி இல்லை, மாலை மாற்றினார்கள், அவ்வளவுதான். 1967இல் அண்ணா ஆட்சியில் வந்த திருத்தம் அப்படிப்பட்ட கல்யாணங்களைச் செல்லும் என்று ஆக்கியது. மதம் வேறு வேறு என்றால் 1954இலிருந்து சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. இவ்வளவு பின்தங்கியது என்று நாங்களே குறைபட்டுக்கொள்ளும் எங்கள் நாட்டில் இருக்கும் ஒரு வழி, செயற்கைக்கோள் ஏவும் உங்கள் நாட்டில் இல்லை. உஸ்மானியத் துருக்கியர் ஆண்ட காலத்தில் ஒவ்வொரு மதத்தாரின் குடும்ப வழக்கையும் அந்தந்த மதத் தலைவர்களிடமே விட்டிருந்த முறை, பிரிட்டிஷ் ஆட்சியைத் தாண்டி இன்றும் தொடர்கிறது. 1953ஆம் ஆண்டுச் சட்டம் யூதர்களின் கல்யாணத்தையும் விவாகரத்தையும் முழுக்க ரப்பிகள் நீதிமன்றத்தின் கையில் கொடுத்தது. அதனால் ஜோடிகள் விமானம் ஏறி சைப்ரசுக்குப் போய், அங்கே ஒரு நகராட்சி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். 1963இல் வந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு அந்தச் சான்றிதழை உங்கள் உள்துறை அமைச்சகம் பதிந்துகொள்கிறது. வெளிநாட்டுக் காகிதம் செல்லும், உள்நாட்டில் அந்தக் காகிதத்தைத் தர முடியாது!

கல்யாணத்துக்கு அப்புறம்தான் அவருக்கு மார்க்கத்தின் மேல் ஈடுபாடு வந்தது. மாமியார் வீட்டில் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை இரவுகள்தான் அதன் ஆரம்பம். விளக்கேற்றும் முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிரார்த்தனைப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். கொஞ்ச நாளில் கேள்விகள் கேட்க ஆரம்பித்தார். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய எவர்சில்வர் பாத்திரங்கள் அவர் சமையலறையில் இருந்தன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் அம்மா பேரின் முதலெழுத்து வெட்டியிருக்கும். பாலும் இறைச்சியும் கலக்கக் கூடாது என்ற மார்க்க விதிப்படி, அவற்றைப் பால் சமையலுக்கு ஒரு வரிசை, இறைச்சிச் சமையலுக்கு ஒரு வரிசை என்று பிரித்து, பாலுக்கு நீலப் பட்டையும் இறைச்சிக்குச் சிவப்புப் பட்டையும் ஒட்டி வைத்திருந்தார். பின்னாளில் அவற்றைக் கூடையில் எடுத்துப்போய் மிக்வே என்னும் சடங்குத் தொட்டி நீரில் ஒவ்வொன்றாக முக்கி எடுத்து வந்தார். யூதர் அல்லாதவரிடமிருந்து வந்த உலோகப் பாத்திரத்தை அப்படி நீரில் முக்கிய பிறகே புழங்க வேண்டும் என்பது மார்க்க விதி. யாரும் கேட்காமல், யாரும் பார்க்காத இடத்தில் இதைச் செய்த பெண்ணின் நோக்கத்தைத்தான் பிறகு சந்தேகப்பட்டார்கள்.

அவர் முதலில் அரசின் வழியில்தான் போனார். நிரந்தரக் குடியிருப்புத் தகுதி இல்லாத வெளிநாட்டவர், அரசின் மதமாற்றப் படிப்பில் சேரவே ஒரு விதிவிலக்குக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். படித்து முடித்துத் தேர்வுக்கு வருவதற்கு அல்ல, படிக்க உட்காருவதற்கே. அவருடைய ஃபைலை நான் கையில் வாங்கிப் புரட்டியிருக்கிறேன். அப்போஸ்டில் முத்திரை போட்ட பிறப்புச் சான்றிதழ், அதன் எபிரேய மொழிபெயர்ப்பு, அதற்கு நோட்டரி கையெழுத்து. சென்னையிலிருந்து வாங்கிய போலீஸ் சான்றிதழ். சைப்ரஸ் கல்யாணச் சான்றிதழ். இரண்டு பேர் பெயரும் உள்ள வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீதுகள், வங்கிக் கணக்கு. அக்கம்பக்கத்தார் எழுதிய கடிதங்கள். கடைசியில், ஏன் மாற விரும்புகிறேன் என்று அவர் தன் கைப்பட எபிரேயத்தில் எழுதிய மூன்று பக்கங்கள், அடித்தல் திருத்தல்களோடு. பல மாதங்கள் கழித்து ஓர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஒரே வரி. ஏற்கப்படவில்லை. காரணம் இல்லை, யாரிடம் முறையிடலாம் என்ற குறிப்பும் இல்லை.

பிறகு அவர் ஒரு கன்சர்வேடிவ் சபையில் சேர்ந்தார். ஒரு வருடத்துக்கு மேல் படித்தார். மூன்று ரப்பிகள் முன் உட்கார்ந்து பதில் சொன்னார், மாற்றச் சடங்காக மிக்வேயில் மூழ்கி எழுந்தார். 2021 தீர்ப்பு வந்த பிறகு திரும்பும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றார். அன்று அவர் எனக்கு அனுப்பிய குரல்பதிவில் பேச்சைவிட அழுகைதான் அதிகம். ஆனால் ரப்பிகள் அலுவலகத்துக்கு அந்த மாற்றம் செல்லாது. ஆகவே மகளின் கல்யாணமும் அங்கே நடக்காது. அவர் இறந்தால் கணவரின் குடும்பத்தார் பக்கத்தில் அடக்கம் செய்ய விடுவார்களா என்ற கேள்வியும் இருக்கிறது. இதை அவர் என்னிடம் சொன்னது கோபத்தில் அல்ல. வாங்க வேண்டிய சாமான்களைச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார். அந்த நிதானம்தான் எனக்குத் தாங்கவில்லை.

இது அவர் ஒருவர் பிரச்சினை இல்லை. முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து பிள்ளை, பேரப்பிள்ளை, துணைவர் போன்ற உரிமையில் வந்து, ராணுவத்தில் பணி செய்து, வரி கட்டி, 'மதமற்றவர்' என்று பதிவேட்டில் இருப்பவர்கள் சுமார் 5 லட்சம் பேர். 2010இல் ஒரு சட்டம் போட்டீர்கள். அதன்படி இருவருமே மதமற்றவராக இருந்தால்தான் துணைவர்களாகப் பதிந்துகொள்ளலாம். ஒரு மதமற்றவர் யூதரை விரும்பினால் அந்தச் சட்டமும் கைவிட்டுவிடும். மதம் மாறிக்கொள்ளலாமே என்பீர்கள். அரசு வழியில் மாறியவர்களாவது நிம்மதியாக இருக்கிறார்களா?

இங்கே 2008இல் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் இது யாருக்கும் தெரியாது. டென்மார்க்கில் பிறந்த ஒரு பெண், இஸ்ரேலில் அரசு அங்கீகரித்த ஆர்த்தடாக்ஸ் முறையில் யூதராக மாறி, யூதரை மணந்து, பிள்ளைகள் பெற்றார். சுமார் 15 ஆண்டு கழித்து, கணவரும் அவரும் ஒத்துப்போய் விவாகரத்துக் கேட்டு அஷ்தோத் ரப்பிகள் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். நீதிபதி அவரிடம் ஓய்வுநாளை எப்படிக் கடைப்பிடிக்கிறீர்கள் என்று கேட்டார். பதில் திருப்தியாக இல்லை. அவருடைய மாற்றமே செல்லாது, ஆகவே கல்யாணமும் செல்லாது, விவாகரத்தும் தேவையில்லை, பிள்ளைகளும் யூதர்கள் இல்லை என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் ரப்பிகளின் உயர் நீதிமன்ற அமர்வு இன்னும் ஒரு படி மேலே போனது. அரசின் மதமாற்றத் துறைக்கே தலைவராக இருந்த ரப்பி ஹாயிம் துருக்மான் 1999 முதல் செய்துவைத்த மாற்றங்கள் எல்லாமே கேள்விக்குரியவை என்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே நாளில் அந்தரத்தில் தொங்கின. அவர்கள் ரிஃபார்ம் வழியில் போனவர்கள் இல்லை. அரசு எந்தக் கதவைக் காட்டியதோ அந்தக் கதவு வழியாகவே வந்தவர்கள். உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது 2012இல். நடுவில் நான்கு ஆண்டுகள், தான் யார் என்று தெரியாமல் அவர்கள் வாழ வேண்டியிருந்தது.

அந்தத் தீர்ப்பு உங்கள் மார்க்கத்துக்காவது உகந்ததா? 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் தன் சட்டத் தொகுப்பில் எழுதியதை உங்கள் பள்ளிப் பிள்ளைகளே அறிவார்கள்: முறையாக மூழ்கி எழுந்தவர் பிறகு வழி தவறினாலும் அவர் தவறிய யூதரே, யூதர் அல்லாதவர் ஆகிவிட மாட்டார். மாற வருபவரிடம் எளிய கட்டளைகள் சிலவற்றையும் கடினமான கட்டளைகள் சிலவற்றையும் சொல்ல வேண்டும், அவர் மேல் அதிகம் சுமத்தக் கூடாது, துருவிக்கொண்டே இருக்கக் கூடாது என்கிறது தல்மூத் என்ற பழைய மார்க்கச் சட்ட நூல். "எங்கள் முன்னோரின் தேவனே" என்று நான் பிரார்த்திக்கலாமா என்று ஒபதியா என்ற மதம் மாறியவர் கேட்டு எழுதியபோது, தாராளமாகச் சொல்லலாம், உனக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று மைமோனிடிஸ் பதில் எழுதினார். நான் வெளியாள், உங்கள் வேதத்தை உங்களுக்கே சொல்லிக்கொடுக்க வரவில்லை. ஆனால் மார்க்கத்தின் பெயரால் மறுக்கும்போது, மார்க்கம் சொன்ன இந்தப் பக்கங்களும் மேசையில் இருக்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து வந்தவர்களை நடத்திய விதத்தைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. மராத்தி பேசும் பெனே இஸ்ரேல் மக்கள் பம்பாயிலும் கொங்கணத்திலும் பல நூற்றாண்டுகள் ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் விடாமல் காத்தவர்கள். புதிய நாடு பிறந்ததும் நம்பி வந்தார்கள். 1960களின் தொடக்கத்தில், இவர்கள் கல்யாணம் செய்ய வந்தால் தாய்வழிப் பூர்வீகத்தை எட்டிய மட்டும் விசாரிக்க வேண்டும் என்று தலைமை ரப்பி யிட்ஸ்ஹாக் நிசிம் சுற்றறிக்கை அனுப்பினார். அவர்கள் எருசலேமில் உட்கார்ந்து போராடினார்கள். 1964 ஆகஸ்டில் இதே நெசட் கூடி, பெனே இஸ்ரேல் மக்கள் எல்லா வகையிலும் யூதர்களே என்று தீர்மானம் போட்டது. சுற்றறிக்கையிலிருந்து அவர்கள் பெயர் நீங்கியது. உங்கள் முன்னவர்கள் ஒருமுறை எழுந்து நின்றபோது இது முடிந்தது. எத்தியோப்பிய யூதர்களுக்கும் இதே சோதனைதான். 1975இல் அவர்களுக்குத் திரும்பும் உரிமை உண்டு என்று அரசு ஏற்றது. வந்து இறங்கியவர்களிடம், எதற்கும் ஒருமுறை மூழ்கி எழுந்துவிடுங்கள் என்று ரப்பிகள் கேட்டார்கள். 1985இல் தலைமை ரப்பி அலுவலகத்துக்கு எதிரே வாரக் கணக்கில் அமர்ந்து அவர்கள் போராடினார்கள்.

மணிப்பூர், மிசோரம் மலைகளில் உள்ள பெனே மெனாஷே மக்கள் கதை வேறு மாதிரி. தொலைந்துபோன மெனாஷே கோத்திரத்தின் வழிவந்தவர்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. 2005இல் தலைமை ரப்பி ஷ்லோமோ அமர் அவர்களை இஸ்ரவேலின் சந்ததியார் என்று ஏற்றார். ஆனால் முழு மதமாற்றம் செய்துகொள்ள வேண்டும் என்றார். அதே ஆண்டு ரப்பிகள் மிசோரத்துக்கே வந்து இருநூற்றுக்கும் மேற்பட்டோரை மாற்றினார்கள். இந்திய அரசு முகம் சுளித்தது; மாற்றும் வேலை நின்றது. அன்றிலிருந்து அவர்கள் திரும்பும் உரிமைச் சட்டத்தின்கீழ் வருவதில்லை. அரசின் தனி முடிவின் பேரில், நுழைவுச் சட்டத்தின்கீழ் வந்து, அங்கே மதம் மாறி, அதற்குப் பிறகே குடிமக்கள் ஆகிறார்கள். வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டு, அண்ணன் முதல் பட்டியலில் போக, தங்கை அடுத்த பட்டியலுக்குப் பல ஆண்டு காத்திருக்கிறாள். 2003இல் ஓர் அமைச்சர் நிறுத்தி வைத்தார், பிறகு திறந்தது, மறுபடி நின்றது, 2012இல் திறந்தது. 2023 மே மாதம் மணிப்பூர் பற்றி எரிந்தபோது அவர்களுடைய வீடுகளும் ஜெபாலயங்களும் சேர்ந்தே எரிந்தன. 2025 நவம்பரில் உங்கள் அரசு, 2030க்குள் சுமார் 5,800 பேரை அழைத்துவர முடிவெடுத்தது. சரி, நல்ல செய்தி. ஆனால் அது ஓர் அமைச்சரவை முடிவு மட்டுமே. அடுத்த அமைச்சரவை நினைத்தால் மாற்றலாம். உரிமை என்று சட்டத்தில் எழுதாத வரை ஒவ்வொரு தேர்தலும் அவர்களுக்கு ஒரு கண்டம்.

கொச்சிக்கு இந்த விவகாரம் இன்னும் பழையது. அடிமைகளாக இருந்து, மதம் மாறி விடுதலை பெற்றவர்களும் அவர்கள் பிள்ளைகளும் யூதர்கள்தானா என்ற கேள்வி 16ஆம் நூற்றாண்டிலேயே அங்கிருந்து கெய்ரோவுக்குப் போனது. முறைப்படி மூழ்கி எழுந்தவர்கள் என்றால் எல்லா வகையிலும் யூதர்களே என்று ரப்பி தாவீத் இப்ன் சிம்ரா பதில் அனுப்பினார். ஊரில் இருந்தவர்கள் அதைக் காதில் வாங்கவில்லை. நானூறு ஆண்டு கழித்து, சென்னையில் சட்டம் படித்துத் திரும்பிய ஏ. பி. சாலம், அப்படி விடுதலை பெற்றவர்களின் வழிவந்த தன் ஜனங்களுக்குக் கொச்சியின் பரதேசி ஜெபாலயத்தில் சம இடம் கேட்டுச் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. மார்க்கத் தீர்ப்பு இருந்தும் மனிதர்கள் மறுத்தால் எவ்வளவு காலம் போகும் என்பதை அந்தச் சமூகம் அறியும். அதன் வாரிசுகள் இன்று பீர்ஷேவாவுக்குப் பக்கத்தில், நெவாதிமில் உங்கள் குடிமக்களாக வாழ்கிறார்கள்.

உங்கள் தரப்பு அச்சமும் எனக்குப் புரியாமல் இல்லை. குடியேற்ற உரிமையை மதமாற்றத்தோடு கட்டியிருக்கும் நாட்டில், விசாவுக்காக மாறுவோரும் வருவார்கள். வேலை அனுமதி முடியப் போகும் ஒருவர் திடீரென்று வகுப்பில் சேர்ந்தால் கேள்வி கேட்பது அரசின் கடமைதான். வெளிநாட்டில் மாறியவர் அந்தச் சபையோடு மாற்றத்துக்குப் பிறகும் சில மாதங்கள் வாழ்ந்திருக்க வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் கேட்பதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சோதனை நியாயமாக நடக்க வேண்டும். உகாண்டாவின் அபாயுதயா மக்கள் 1919 முதல் யூத வாழ்வு வாழ்பவர்கள். 2002இல் அவர்களில் பலரைக் கன்சர்வேடிவ் ரப்பிகள் முறையாக மாற்றினார்கள். 2018இல் அபாயுதயா மக்களில் ஒருவர் குடியேற விண்ணப்பித்தபோது உள்துறை அமைச்சகம் மறுத்தது. நியூயார்க்கில் அதே வகை ரப்பியிடம் மாறிய வெள்ளைக்காரருக்கு இந்தப் பாடு வந்திருக்குமா? நேர்மையாக உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நாணயமாகாது. 1948இல் வீடு வாசலை விட்டுப் போக நேர்ந்த பாலஸ்தீனருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இல்லாத உரிமையைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் பேசியிருக்கிறேன். பெனே மெனாஷே மக்களில் முதலில் வந்த பலரைக் காசாவிலும் மேற்குக் கரையிலும் குடியேற்றினீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்த அநியாயம் இதைவிடப் பெரியது. அதற்கு எழுத வேண்டிய மடல் வேறு. இதை எழுதுவதால் அதை மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நான் கேட்பவை பெரிய காரியங்கள் இல்லை. அரசு அங்கீகரித்த மன்றத்தில் நடந்த மாற்றத்தை, பிறகு வரும் எந்த நீதிபதியும், விவாகரத்து வழக்கின் நடுவில் கிளறிச் செல்லாதாக்க முடியாது என்று சட்டம் இயற்றுங்கள். 2008 இனி நடக்கக் கூடாது. ஒரு ரப்பி தன் மனசாட்சிப்படி ஏற்காத கல்யாணத்தை அவரே நடத்தி வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அரசு யூதர் என்று பதிந்த பெண்ணுக்கு அரசே கல்யாணம் பதிந்து தர ஒரு வழி இருக்கட்டும். சொந்த நாட்டில், சொந்த மொழியில், ஒரு பதிவாளர் முன்னால். பேரப்பிள்ளை உரிமையை நீக்க வேண்டும் என்று 2022 கூட்டணிப் பேச்சுகளிலேயே சிலர் கேட்டார்கள். ஏற்கெனவே பாதி ஏற்றுக்கொண்டவர்களுக்கு மீதியைக் கொடுக்க வழி தேடாமல், கொடுத்த பாதியையும் பிடுங்காதீர்கள். பெனே மெனாஷே குடியேற்றத்தைச் சட்டமாக எழுதுங்கள்.

விதிவிலக்குக் குழுவுக்கு வருகிற ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு காலக்கெடு வையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுங்கள். எங்கே முறையிடலாம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். மூன்று பக்கம் கைப்பட எழுதிக் கொடுத்தவருக்கு ஒரு வரி பதில் போதாது.

இப்படிக்கு,
பீர்ஷேவாவில் சில ஆண்டுகள் வாழ்ந்த ஒரு தமிழன்